மகுடமும் தட்டுக்கழியும்

வணக்கம்,

மும்பை முலுண்டில் இருக்கிறோம். மகள் ஐந்து வருஷமாகப் பரதம் கற்கிறாள். பள்ளியில் பாரம்பரிய தினத்துக்கு ஆடப்போகிறாள், இரண்டு நிமிடம் பேசவும் வேண்டுமாம். 'இரண்டாயிரம் வருஷமாக மாறாமல் வரும் தமிழர் கலை' என்று எழுதிக் கொடுத்தேன். மாமனார் அதைப் படித்துவிட்டு, "நமக்குச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுல ஆடுற கணியான் கூத்துதாம்மா. இது நம்ம வீட்டுக்கு எப்ப வந்துச்சு?" என்றார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே தாராவிக்கு வந்தவர். எது எங்கள் பாரம்பரியம்?

எஸ்., முலுண்ட்

அன்புள்ள எஸ்.,

மாமனார் கேட்டது நியாயமான கேள்வி. முதலில் அந்த 'மாறாமல்' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். ஆடல் நம்மிடம் பழசுதான், மாதவியின் அரங்கேற்றத்துக்கென்றே சிலப்பதிகாரத்தில் ஒரு காதை இருக்கிறது. ஆனால் மகள் ஆடும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம், தில்லானா என்கிற வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர், அதுவும் 19ஆம் நூற்றாண்டில். அவர்களை ஆதரித்த இரண்டாம் சரபோஜி மராட்டிய மன்னர், மராத்தியிலேயே குறவஞ்சி எழுதியவர். மகள் ஆடும் வர்ணம் எந்த மொழி என்று கேட்டுப் பாருங்கள், தெலுங்காக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பக்கத்து வீட்டு மராத்திக்காரர் பங்கு கேட்டு வந்தால் சண்டை போட நம்மிடம் ஒன்றும் இல்லை!

பெயரும் புதுசு. சதிர் என்று இருந்ததற்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது 1930களில்தான். 1947இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். வேண்டிய சட்டம்தான். ஆனால் அதையொட்டிய வருஷங்களில் மற்ற வீட்டுப் பெண்கள் மேடைக்கு வர, தலைமுறை தலைமுறையாக ஆடிய குடும்பத்துப் பெண்கள் பாலசரஸ்வதி போன்ற சிலரைத் தவிர மேடையிலிருந்தே காணாமல் போனார்கள். இரண்டு நிமிடத்தில் அரை நிமிடம் அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். ஆடல் ஆசான்களான திருவிடைமருதூர் நட்டுவனார் குடும்பம் 1945இலேயே மும்பையில் ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கிவிட்டது. அண்ணன் பெண்ணைக் கூட்டிவரப் போய் மாட்டுங்காவில் ஒரு சின்ன வகுப்பின் வாசலில் நான் பல சாயங்காலங்கள் உட்கார்ந்திருக்கிறேன். டீச்சர் தரையில் உட்கார்ந்து தட்டுக்கழியால் தாளம் போடுவார், அடி வாங்கி வாங்கித் தட்டுமனைக் கட்டையின் நடுவில் குழியே விழுந்திருந்தது. ஒரு நாள் ஒரு பெண் யூடியூபில் பார்த்த மாதிரி ஜதியின் கடைசியில் வரும் தீர்மானத்தை முடித்துவிட்டாள். டீச்சர் கழியை வைத்துவிட்டு, முட்டிவலியோடு எழுந்து போய், இரண்டு விரலால் அவள் முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தினார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "எங்க வாத்தியார் இங்கதான் வைப்பார்" என்றார். வாத்தியாருக்கு? "அவருக்கு அவங்க அப்பா." நான் பாரம்பரியம் என்று சொல்வது அந்த இரண்டு விரலைத்தான். வருஷக் கணக்கு இரண்டாம்பட்சம்.

கணியான் கூத்தும் அப்படித்தான். அண்ணாவி என்கிற தலைமைப் பாடகர் பாட, மகுடம் என்கிற தோல்கருவி முழங்க, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுவது கணியான் சமூகத்துக்குள் கைமாறி வந்தது. மாமனார் அந்தச் சமூகத்தவர் இல்லையென்றால் அவரும் பார்த்து வளர்ந்தவர்தான், உங்கள் மகள் கற்று வளர்கிறாள். இரண்டுமே உங்கள் வீட்டில் இருக்கிறது, ஒன்றை ஏன் விரட்ட வேண்டும்?

உங்கள் முலுண்டில் நவராத்திரிக்கு ஊரே ஆடுகிற கர்பா 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. பரதம் அதில் இல்லை, கணியான் கூத்தும் இல்லை. அதற்காக யாரும் சலங்கையைக் கழற்றிவிடவில்லை.

ஒன்று செய்யுங்கள். கொடை ராத்திரியில் மகுடம் எப்படிக் கேட்கும் என்று தாத்தாவை வாயாலேயே சொல்லிக்காட்டச் சொல்லி, பேத்தியை ஃபோனில் பதிவு செய்துவைக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவள் தன் ஜதியைத் தாத்தாவுக்குச் சொல்லிக்காட்டட்டும். பேச்சை அதற்குப் பிறகு எழுதலாம், இந்த முறை அவளே.