சொகுசு ரயிலில் கொலை, பனியில் மாட்டிய ரயில், அதே பெட்டியில் ஒரு துப்பறிவாளர்: இதெல்லாம் நம்பும்படியா இருக்கிறது?

ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் கதையைப் படமாகப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். படத்தில் பனி அழகுக்கு விழுவது மாதிரிதான் தெரியும்.

பனி கற்பனை இல்லைங்க. 1929-ல் அந்த ரயில் துருக்கியில் செர்கெஸ்கோய் பக்கம் பனியில் புதைந்து நாள்கணக்கில் நின்றது. 1931 டிசம்பரில், இந்தக் கதையை எழுதிய அகதா கிறிஸ்டியே அதில் ஊர் திரும்பும்போது, மழையில் தண்டவாளம் அரித்துப்போய் வழியில் மாட்டிக்கொண்டார். கூட வந்தவர்களைப் பற்றிக் கணவருக்கு விலாவாரியாகக் கடிதம் எழுதியிருக்கிறார். நாவல் 1934-ல் வந்தது. அதில் ரயில் யூகோஸ்லாவியாவில், வின்கோவ்சிக்கும் பிராடுக்கும் நடுவில் நிற்கும். போலீஸ் வந்து சேர வழியில்லை. ரயில் கம்பெனி இயக்குநர், அதே ரயிலில் வரும் துப்பறிவாளர் புவாரோவுக்குப் பழைய நண்பர், 'நீயே கண்டுபிடித்துக் கொடு' என்கிறார். பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, டைனிங் காரில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரணை. இதில் நம்பமுடியாதது என்ன? (முடிவைப் பற்றிப் பேச மாட்டேன். படிக்காதவர்கள் இருக்கிறார்கள்.)

நிற்கும் ரயிலில் ஆளாளுக்குத் துப்பறிவாளர் ஆவதை நானே பார்த்திருக்கிறேன். டெல்லி போகும் வண்டி, ஏசி இரண்டடுக்கு. விஜயவாடா தாண்டி வெள்ளம், ராத்திரி முழுக்க நகரவில்லை. விடிகாலையில் ஒரு அம்மாவின் தாலிச்சங்கிலியைக் காணோம். உடனே ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் கேஸை எடுத்துக்கொண்டார். முதலில் மாட்டியது யார்? கம்பளி கொடுக்கும் பையன்தான். "தம்பி, பையைத் திற." அவன் திறந்து காட்டினான்: ஒரு சட்டை, சார்ஜர், பிஸ்கட் பாக்கெட். அப்புறமும் விடவில்லை, கழிப்பறைப் பக்கம் எதற்குப் போனாய் என்று கேள்வி. அவன் படுப்பதே அங்கேதான் சார்!

கடைசியில் சங்கிலி, விரிப்பு வரும் காக்கித்தாள் கவருக்குள் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த அம்மாவே போட்டு வைத்திருக்கிறார். போலீஸ்காரர் காபி வாங்கப் போய்விட்டார்.

'சங்கிலியும் கொலையும் ஒன்றா' என்று கருத்துப் பெட்டிக்கு ஓடி வராதீர்கள், ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் புவாரோ முதல் வகுப்புக்காரரையும் விட்டுவைக்காமல் பெட்டி படுக்கையைச் சோதிப்பார். எங்கள் பெட்டியில் ஒருத்தன் பைதான் திறக்கப்பட்டது. டெல்லியில் இறங்கும்போது அவன் எங்களுக்குக் கொடுத்த துண்டுகளை எண்ணினான், குறைந்தது. ஒப்பந்தக்காரர் அதைச் சம்பளத்தில் பிடிப்பார் என்றான். அந்தத் துண்டுகள் யார் சூட்கேஸில் போயின என்று விசாரிக்க மட்டும் ஒருவரும் வரவில்லை.