ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன்தானா?

கேள்வி: வயது 57. ஆறு மாதமாகப் படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கிறது, மடக்கினால் 'கடக் கடக்' என்று சத்தம் வேறு. நானே போய் எம்.ஆர்.ஐ. எடுத்தேன், ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். ஆபரேஷன் செய்யாவிட்டால் நடக்கவே முடியாது என்று நெட்டில் போட்டிருக்கிறார்கள். ரத்தக் கொதிப்பு உண்டு. கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைத் தினமும் போடுகிறேன்.

பதில்: நடை நின்றுபோகாது. நீங்கள் சொல்லும் வலிக்கு இப்போது ஆபரேஷனும் தேவையில்லை.

ஐம்பதைத் தாண்டிய முழங்காலை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயது வரை உள்ளவர்களை ஸ்கேன் செய்து 2008-ல் வெளியிட்டார்கள். ஜவ்வு (முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ்) கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியோ பிடிப்போ இல்லை. உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் தேய்மானம். ஜவ்வும் அதோடு சேர்ந்து நைந்திருக்கும்.

படம் வேண்டுமென்றால் முதலில் சாதாரண எக்ஸ்ரே, அதுவும் நின்றுகொண்டு. படுக்கவைத்து எடுத்தால் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி நன்றாக இருப்பதுபோலத் தெரியும். நின்று உடல் எடை முழங்காலில் இறங்கும்போதுதான் அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று புரியும். சீட்டில் 'நின்றபடி' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையில், 45 வயதுக்கு மேல், நடந்தால் வலி, காலைப் பிடிப்பு அரை மணிக்குள் விடுகிறது என்றால் தொட்டுப் பார்த்தே தேய்மானம் என்று சொல்லிவிடலாம், படமே வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. கட்டாயம் தேவைப்படும் நிலை ஒன்று உண்டு. படியில் கால் வைக்கும்போது முழங்காலின் பின்பக்கம் 'டப்' என்று ஏதோ விட்டதுபோல இருக்கும். அல்லது அடியே படாமல் திடீரென்று வலி பிடிக்கும். அதன்பின் காலை ஊன்றவே முடியாது, படுத்தாலும் வலி போகாது. ஜவ்வு அதன் வேரிலேயே பிய்ந்திருக்கலாம். குருத்தெலும்புக்கு அடியில் எலும்பு மெல்லிசாக விரிசல் விட்டிருக்கலாம். மாதவிடாய் நின்று எலும்பு வலுவிழந்த பெண்களுக்கு இந்த விரிசல் சும்மாவே வரும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். அதை நம்பி வலியோடு நடந்தால் எலும்பு அமுங்கிவிடும். இப்படித் திடீர் வலி வந்தால் வாக்கர் வைத்துக்கொண்டு உடனே எலும்பு மருத்துவரிடம் போங்கள். முட்டி பாதியில் மாட்டிக்கொண்டு நீட்டவே வரவில்லை என்றாலும் அப்படித்தான்.

காய்ச்சலோடு மூட்டு சூடாக வீங்கினால் ஸ்கேனுக்கு அலையாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சத்தமா? வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்தை விட்டுத் தள்ளுங்கள்.

அப்புறம் அந்த மாத்திரை. இந்த வகை வலி மாத்திரைகள் பல ரத்தக் கொதிப்பை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண்ணாக்கும். இன்றே நிறுத்துங்கள். அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பார்த்து, ரத்த அழுத்தத்தையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் சோதித்துக்கொள்ளுங்கள். தொடைத் தசைக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்று இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். வலி குறையவில்லை என்றால் நின்றெடுத்த எக்ஸ்ரேயோடு போய் மருத்துவரைப் பாருங்கள்.