பள்ளிக் கணக்கும் வீட்டு லேப்டாப்பும்

கேள்வி: மகளின் பள்ளி கூகுள் கணக்கை வீட்டு லேப்டாப்பில் சேர்த்த பிறகு, குரோம் பிரவுசரில் நீக்கவே முடியாத ஒரு எக்ஸ்டென்ஷன் (துணைச் செயலி) வந்திருக்கிறது. வைரஸா? நாங்கள் பார்ப்பதெல்லாம் பள்ளிக்குத் தெரியுமா?
– வாசகி, கரூர்

பதில்: பெரும்பாலும் வைரஸ் இல்லை. பள்ளிக் கணக்கையே குரோம் புரொஃபைலாக்கினால் (பாஸ்வேர்டு, வரலாறு, எக்ஸ்டென்ஷன் எல்லாம் தனியாக இருக்கும் பகுதிதான் புரொஃபைல்), பள்ளி நிர்வாகியின் விதிகள் அந்தப் புரொஃபைலுக்குள் வந்துவிடும். அந்த நிர்வாகி எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக நிறுவலாம். மூன்று புள்ளி மெனுவின் அடியில் 'நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வரி இருக்கும். அதைத் தட்டினால் அந்த எக்ஸ்டென்ஷன் எதையெல்லாம் படிக்கலாம் என்று தெரியும். அது இணையதளங்களைப் படிக்கக்கூடியதென்றால், அதே புரொஃபைலில் நீங்கள் திறந்தவையும் அதன் கண்ணில் படும்.

உங்களுக்குத் தனிப் புரொஃபைல் தொடங்குங்கள். அதற்குள் பள்ளி விதிகள் வராது. பள்ளிக் கணக்குள்ள பழைய புரொஃபைலை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். லேப்டாப்பில் மட்டும்தான் அழியும். சிங்க் ஆன (இணையம் வழியே கணக்கில் சேமிக்கப்பட்ட) பாஸ்வேர்டுகள் பள்ளிக் கணக்கிலேயே தங்கிவிடும். சிங்க் இயங்கும்போதே பாஸ்வேர்ட் மேனேஜரில் உங்களுடையவற்றை நீக்கி, உலாவல் வரலாற்றையும் அழியுங்கள். வங்கிப் பாஸ்வேர்டு அங்கே சேமிக்கப்பட்டிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

பள்ளியே கொடுத்த குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் இயங்கும் லேப்டாப்) என்றால் இந்த வித்தையெல்லாம் பலிக்காது. கருவியே பள்ளியின் கட்டுப்பாட்டில் இருப்பதால் இன்காக்னிட்டோவும் (வரலாற்றைச் சேமிக்காத உலாவல் முறை) கைகொடுக்காது. சொந்த வேலைக்கு அதைத் தொடவே வேண்டாம்.