முதலில் அந்த அட்டையைக் கொண்டுபோங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம், பேச்சு வராது. நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்து 8 நாள் ஆகிறது. நர்ஸ்கள்தான் இருக்கிறார்களே என்று, வீட்டுக்கு வந்து கவனித்துக்கொண்ட உதவியாளரை நிறுத்திவிட்டோம். சாப்பிட மறுத்துப் பிடிவாதம் பிடிக்கிறானாம். அவன் தொட்டுக் காட்டிப் பேசும் பட அட்டை தொலைந்துவிடக் கூடாதென்று வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆனதும் அதே உதவியாளர் கிடைப்பாரா?

பதில்: உதவியாளரைப் பற்றிப் பிறகு பேசுவோம். தம்பியின் வாயை அலமாரியில் பூட்டிவிட்டு, அவன் பிடிவாதக்காரன் என்று எழுதுகிறீர்களே! 'வலிக்கிறது', 'போதும்', 'திருப்பிப் படுக்க வை' எதையும் 8 நாளாக அவனால் சொல்ல முடியவில்லை. உதட்டை இறுக்கிக்கொள்வது ஒன்றுதான் அவனுக்கு மிஞ்சியிருக்கிற பேச்சு. இன்றைக்கே அட்டையைக் கொண்டுபோங்கள். நகல் எடுத்து ஒன்றைக் கட்டிலிலேயே கட்டிவிடுங்கள். 'ஆமாம்' என்பதற்கு அவன் என்ன செய்வான், 'வேண்டாம்' என்பதற்கு என்ன செய்வான் என்று பெரிய எழுத்தில் எழுதித் தலைமாட்டில் ஒட்டுங்கள். காலை நர்ஸிடம் வாயால் சொன்னது ஷிஃப்ட் மாறியதும் அவரோடு போய்விடும்.

சாப்பாட்டையும் பிடிவாதம் என்று தள்ளாதீர்கள். விழுங்கும்போது இருமுகிறானா, குரல் கரகரக்கிறதா? உணவு மூச்சுக்குழாயில் இறங்கியும் நிமோனியா வரும். விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லிப் பேச்சுப் பயிற்சியாளரைக் கேளுங்கள். சாய்ந்து படுத்தபடி ஊட்டவே கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, முடிந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்வான், எவ்வளவு கெட்டியான கஞ்சி இறங்கும் என்பதெல்லாம் நீங்கள் நிறுத்திய அந்த உதவியாளருக்குத் தெரியும். சாப்பாட்டு வேளையில் மட்டுமாவது அவர் வார்டுக்கு வரலாமா என்று தலைமை நர்ஸிடம் கேளுங்கள். உதவியாளருக்குச் சம்பளம் தரும் சேவைத் திட்டம் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குப் பணம் தராவிட்டால், முடிந்தவரை குடும்பம் கொடுக்கட்டும். தம்பியைக் குளிப்பாட்டி விடுகிறவரைச் சம்பளமில்லாமல் காத்திருக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது.

உதவியாளரை அனுப்பும் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: சேர்த்த தேதி, வீடு திரும்பும் உத்தேச தேதி, சேவையை ரத்து செய்யவில்லை, ஒத்திவைக்கிறோம் என்ற வரி. எத்தனை நாள்வரை இடத்தை வைத்திருப்பார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் பேச்சை இன்றே தொடங்குங்கள். புது மருந்து, புது உணவு முறை, தூக்க இரண்டு பேர் தேவைப்படுவது, இதெல்லாம் உதவியாளர் முன்பு வந்துபோன மணிக்கணக்கில் அடங்காது. உதவியாளர் வரும் நாள் உறுதியாகாமல், வார இறுதி மாலையில் அனுப்பச் சம்மதிக்காதீர்கள்.

இன்று மாலை போனதும் குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதியைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம், சூடோ கெட்டியோ கைக்குத் தட்டுப்படலாம். தட்டுப்பட்டால் உடனே நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். தொடும்போதே அட்டையை அவன் கண்ணுக்கு நேரே பிடித்து, வலிக்கிறதா என்று அவனையே கேளுங்கள்.