ரிக்வெஸ்ட்: எங்கே ஃபார் வரும், எங்கே வராது

'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் டூ டேஸ் லீவ்' என்று நீங்கள் எழுதியதில் மேலாளர் ஃபாரை அடித்துவிட்டார், ஆனால் கீழே 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று இருந்ததைத் தொடவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் திருத்தியது சரிதான்.

ரிக்வெஸ்ட் வினைச்சொல்லாக வரும்போது கேட்கும் பொருள் நேரடியாக ஒட்டிக்கொள்ளும், நடுவில் எதுவும் வேண்டாம்: 'ஐ ரிக்வெஸ்ட் டூ டேஸ் லீவ்'. பெயர்ச்சொல்லாக வந்தால் எதற்கான வேண்டுகோள் என்று காட்ட ஃபார் தேவை. முன்னால் எ, மை, யுவர் மாதிரி ஒன்று நின்றால் பெரும்பாலும் அது பெயர்ச்சொல்தான், அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

குழப்பம் ஆஸ்க் என்ற சொல்லிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் 'ஐ ஆஸ்க்ட் ஃபார் லீவ்' என்பதில் ஃபார் கட்டாயம், அதே பழக்கத்தில் கை தானாக ரிக்வெஸ்டுக்கும் போட்டுவிடுகிறது. பள்ளியில் எழுதிய 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்' முழுக்கச் சரி, அதைத் தயங்காமல் எழுதுங்கள்.

அப்புறம், டிஸ்கஸும் இப்படித்தான். 'டிஸ்கஸ் அபௌட் தி ப்ராஜெக்ட்' தவறு, 'டிஸ்கஸ் தி ப்ராஜெக்ட்' போதும். டிஸ்கஷன் என்றால் அபௌட் போடலாம்.