கைப்பையில கிடந்த ஊசி

வணக்கம் டொக்டர். என்ர மச்சாளுக்குச் சீனி வருத்தம் இல்லை, ஆனா நாலு மாசமா திடீர் திடீரெண்டு சீனி இறங்கி மயங்கி விழுறா. மூண்டு ஆஸ்பத்திரி மாறி ஸ்கானும் எடுத்தாச்சு. போன கிழமை வாட்டில மிஸ்ஸி ஒராள் அவான்ர கைப்பையில இன்சுலின் ஊசியைக் கண்டிட்டா, மாமி போடுற அதே ஊசி. டொக்டர் “உது நடிப்பு” எண்டு துண்டு வெட்டி அனுப்பிட்டார். வீட்டில ஒரே பேச்சு. இது வருத்தமோ கள்ளமோ?
கோண்டாவில் வாசகி

பிள்ளை,

முதல்ல, ஊசி கிடந்தது மட்டும் காணாது. சீனி இறங்கிற நேரத்திலயே ரத்தம் எடுத்து இன்சுலினும் சி-பெப்ரைட்டும் பாக்கோணும், எங்கட கணையம் இன்சுலின் விட்டா சி-பெப்ரைட்டும் கூடவே வரும், ஊசியால ஏத்தினா இன்சுலின் மட்டும்தான் எகிறி நிக்கும். சீனிக் குளிசை களவா போட்டா ரெண்டும் கூடும், அதுக்கு வேற சோதனை. கணையத்தில கட்டி இருந்தாலும் ரெண்டும் கூடும்.

சரி, அவாதான் போட்டவா எண்டு வைப்பம். லீவுக்கோ காசுக்கோ நடிச்சா அது கள்ளம். இதில ஒரு சதம் லாபமில்லை, நோயாளியா இருக்கிறதே தேவையாப் போச்சு, ஏன் எண்டு கேட்டா அவாவுக்கே சொல்லத் தெரியாது. 1951 இல ரிச்சர்ட் ஆஷர் எண்ட இங்கிலாந்து டொக்டர் இப்பிடியான ஆக்களைப் பற்றி எழுதி, புளுகுக் கதைக்குப் பேர்போன மூஞ்சௌசன் பிரபுவின்ர பேரை வைச்சார். எனக்கு அந்தப் பேர் பிடிக்கேல்லை, புளுகிறவன் தன்ர உடம்பில ஊசி ஏத்திறேல்லையே.

நானும் ஒருக்கா பிழை விட்டனான். புதுசா வேலைக்கு வந்த காலம், வாட்டில ஒரு பெடியன், காய்ச்சல் 104, நாடி 76. காய்ச்சல் ஏறினா நாடியும் ஏறோணும், ஆனா நெருப்புக் காய்ச்சலிலயும் நாடி குறைஞ்சிருக்கிறதால நாங்களே அவனுக்குச் சாட்டுக் கண்டுபிடிச்சு மருந்து ஏத்தினம். ஒரு விடியப்புறம் பாத்தா பிளாஸ்க் மூடியில ஆவி பறக்கிற பிளேன் ரீ, அதுக்குள்ள தேர்மோமீற்றர். வாட்டே கேக்கக் கத்திப்போட்டன். அவன் ஒண்டும் கதைக்கேல்லை, பெட்சீற்றை இழுத்துச் சரி பண்ணினான். மத்தியானம் கட்டில் வெறுமை. பிறகு வேற ஆஸ்பத்திரியில வயித்துக்குத்து எண்டு படுத்து, ஒண்டுமில்லாத வயித்தைத் திறந்தும் போட்டினமாம்.

அதால பொறி வைச்சுப் பிடிக்காதேங்கோ, பேசாதேங்கோ. இதுக்கெண்டு தனிக் குளிசை இல்லை, அடியில மனச்சோர்வு இருந்தா அதுக்கு மருந்து இருக்கு. ஒரே டொக்டர், விழுந்தாலும் விழாட்டிலும் குறிச்ச திகதியில கிளினிக், அப்ப வருத்தம் வந்தாத்தான் ஆக்கள் பாப்பினம் எண்ட தேவை மெல்ல மெல்லக் குறையும். மனநல டொக்டரிட்டை “விசர்” எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாமல், நித்திரை இல்லை, மனம் களைச்சுப்போச்சு எண்டு கதையுங்கோ. சாகிற எண்ணம் இருக்கோ எண்டு அவர் கட்டாயம் கேக்கோணும். மயங்கினா விசாரணை வேண்டாம், முழுங்கக் கூடியதா இருந்தா சீனித்தண்ணி, இல்லாட்டி வாயில ஒண்டும் ஊத்தாமல் நேர ஆஸ்பத்திரி.

மாமியின்ர இன்சுலினை இண்டைக்கே பக்கத்து வீட்டு பிரிட்ஜுக்கு மாத்துங்கோ, ஏன் எண்டு ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்.