கல்லறைத் தோட்டத்துப் புல்லை என்ன செய்வது?

செடி கொடி கேள்வி-பதில்
பதில் எழுதுபவர்: ஏற்காட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை

கேள்வி: டீச்சர், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்காக எங்கள் பங்கு இளைஞர்கள் சேர்ந்து கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யப் போகிறோம். புல் இடுப்பளவு நிற்கிறது, பாம்பு பயம் வேறு. களைக்கொல்லி அடித்து, காய்ந்ததும் கொளுத்திவிடலாம் என்கிறார்கள் பெரியவர்கள். சரிதானா? (வாசகர், ஏற்காடு)

பதில்: வேண்டாம் தம்பி. மருந்தும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். புல் அறுக்கிற அரிவாளும் நாலு பேரும் இருந்தால் போதும்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் காடு குறைந்து எஸ்டேட் பெருகியது. இப்போது எஸ்டேட்டுகளுக்கு நடுவே ரிசார்ட்டும் வீட்டுமனையும் வந்துகொண்டிருக்கின்றன. உரமும் பூச்சிமருந்தும் படாத, குழி வெட்டுவதற்குத் தவிர யாரும் கிளறாத மண் இங்கே மிச்சமிருப்பது கோயில்காடுகளிலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும்தான். இடுகாடு, சுடுகாடு, முதுகாடு என்று நம் முன்னோர் வைத்த பெயர் எல்லாவற்றிலும் காடு இருக்கிறது, பாருங்கள்.

போன வருடம் அக்டோபரில் என் அம்மாவின் கல்லறைக்குப் போயிருந்தேன். மதில் ஓரம் கிலுகிலுப்பைச் செடிகள் காய்த்து நின்றன. சிறு வயதில் காயை ஆட்டிக் கிலுகிலு என்று சத்தம் கேட்போமே, அதுதான். வாடிய ஒரு செடியில் மட்டும் முப்பது நாற்பது பட்டாம்பூச்சிகள். கறுப்பில் வெளிர்நீலக் கோடு போட்டவை பாதி, பழுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்தவை பாதி. அருகில் உட்கார்ந்து பார்த்தேன். அவை பூவைத் தேடி வரவில்லை. காலால் இலையைச் சுரண்டி, கசிகிற சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அப்படிச் செய்பவை பெரும்பாலும் ஆண்கள். அந்தச் சாற்றிலுள்ள கசப்புப் பொருளிலிருந்துதான் பெண்ணைக் கவரும் வாசனையை ஆண் பட்டாம்பூச்சி தயாரிக்கிறது. உடம்பில் அந்தக் கசப்பு ஏறிவிட்டால் பறவைகளும் தொடுவதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே கூட்டமாகப் பயணம் போகிற இனங்கள் அவை. நீங்கள் கொளுத்தப் போகிற புல்லில் அவற்றின் வழிச் சாப்பாடு இருக்கிறது.

அதனால் பாதையையும் கல்லறைகளைச் சுற்றி ஒரு முழ அகலத்தையும் நன்றாக அறுத்துவிடுங்கள். மெழுகுவத்தி ஏற்றவும் பூ வைக்கவும் அது போதும். மதிலோரம் இரண்டு பாக (இரு கையையும் விரித்தால் ஒரு பாகம்) அகலத்துக்குத் தும்பையும் கிலுகிலுப்பையும் அப்படியே நிற்கட்டும். விதை உதிர்ந்த பிறகு, பொங்கல் கழித்து அறுத்துக்கொள்ளலாம். உண்ணிச்செடியையும் பார்த்தீனியத்தையும் மட்டும் வேரோடு பிடுங்குங்கள், அவற்றுக்கு நான் பரிந்து பேச மாட்டேன். கல்லறை வெடிப்பில் முளைத்த அரசங்கன்று விரல் அளவில் இருந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். பெரிதாகிவிட்டதென்றால் இழுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து வந்துவிடும். அடியோடு வெட்டி, தளிர்க்கத் தளிர்க்கக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

பாம்பு பயம் நியாயமானது. பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். அறுப்பதற்கு முன் நீளக் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள், விலகிப் போக அதற்கு நேரம் கிடைக்கும். கல் இடுக்கில் கையை விடக் கூடாது. அங்கே நீங்கள் பார்ப்பது சாரையாக இருக்கலாம், அரணையாகவும் இருக்கலாம். எதுவானாலும் அதன் வீட்டுக்குத்தான் நீங்கள் போயிருக்கிறீர்கள்.

கேள்வி: தாத்தாவின் கல்லறைக் கல்லில் சாம்பல், மஞ்சள் நிறத்தில் தேமல் போலப் படர்ந்திருக்கிறது. கல்லுக்கு வந்த நோயா? ஆசிட் ஊற்றித் தேய்க்கலாமா? (வாசகி, சேலம் அஸ்தம்பட்டி)

பதில்: நோய் இல்லை அம்மா. அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் ஓர் உயிர். நீங்கள் பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் இந்த வகைதான். கல்லோடு ஒட்டிக்கிடக்கும் லைக்கன்களில் பல வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஒரு வட்டம் இருந்தால் அதற்கு எத்தனை வயது என்று யோசியுங்கள். கல்லறைக் கல்லில் தேதி இருப்பதால், அதை வைத்தே லைக்கன் வளரும் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

ஆசிட் வேண்டவே வேண்டாம். இருபது வருடத்துக்கு முன் என் அப்பாவின் மார்பிள் பலகையில் நானே ஊற்றினேன். புஸ்ஸென்று நுரை பொங்கியது. துடைத்துப் பார்த்தால் பலகை வெளுத்திருந்தது, அவர் பெயரின் எழுத்து விளிம்புகள் கரைந்திருந்தன. இன்றும் அந்தப் பெயரை விரலால் தடவித்தான் படிக்கிறேன். எழுத்து தெரிய வேண்டுமென்றால் எழுத்துப் பள்ளத்தை மட்டும் தண்ணீரும் மெல்லிய பிரஷும் கொண்டு துடையுங்கள். கம்பி பிரஷ் கூடாது.

கல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல ஆசை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். ஏற்காடு இருக்கிற நம் சேர்வராயன் மலையும் அதே பாறைதான். ஒரு கல்லறையின் பெயரைத்தான் இந்த மலை முழுக்கத் தாங்கி நிற்கிறது. 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடமும் ஏற்காடு ஹோலி டிரினிட்டி ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் கற்களைத் தேய்க்காமல் நின்று பாருங்கள்.

கேள்வி: கல்லறைத் தோட்டத்து மரத்தில் இரவானால் ஆந்தை கத்துகிறது. மரத்தை வெட்டச் சொல்கிறார் மாமியார். (வாசகி, சேலம்)

பதில்: வெட்ட விடாதீர்கள். எலி பிடிக்கிறது அது. பொந்துள்ள முதுமரம் கிடைக்காமல்தான் ஆந்தைகள் திண்டாடுகின்றன. மாமியாரை ஒருநாள் அந்தி நேரத்தில் கூட்டிப் போய்ப் பொந்துக்கு எதிரே நிற்க வையுங்கள். எட்டிப் பார்க்கிற அந்த முகத்தைப் பார்த்தால் அவரே வேண்டாம் என்பார்.

கேள்வி: சுடுகாட்டு மல்லியை வீட்டில் வைக்கலாமா? (வாசகர், சேலம் சூரமங்கலம்)

பதில்: தாராளமாக. நித்தியகல்யாணி என்பதும் அதே செடிதான். மடகாஸ்கரிலிருந்து வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் மருந்து அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதற்காக இலையைப் பறித்துத் தின்றுவிடாதீர்கள், விஷம். வெயில் படுகிற இடமாகப் பார்த்து வையுங்கள், தண்ணீர் அதிகம் ஊற்ற வேண்டாம்.